வெள்ளைச் சுவரில் ஒரு மூக்கு

ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த மறுநாளே, கணக்கப்பிள்ளையைப் பன்றி மூக்கோடு சுவரில் கரியால் வரைந்தவன் நான். பத்து வயது. லயமே சிரித்தது. அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் படம் வரையும் பைத்தியம் பிடித்தது.

கணக்கப்பிள்ளை பிரம்போடு வந்தார். பக்கத்துக் காம்பராவில் அடுப்பு மூட்டிய சிறுமி லெட்சுமியின் கையில் கரி இருந்தது. “நீதானடி வரைஞ்ச?” என்று விரல்களிலேயே விளாசினார். ஒரு விரல் முறிந்தது. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இன்று பதுளையில் கடைகளுக்கு விளம்பரப் படம் வரைந்து பிழைக்கிறேன். போன வாரம் லெட்சுமி வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அந்த விரல் இன்னும் மடங்கவில்லை.

“வரைஞ்சது நீதான்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“நீ சொல்லுவேன்னு ஒன் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தேன்.”

என் கையை ஊரே புகழ்கிறது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.