ஒளித்து வைத்த ஒரு அடி

குளத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அங்கே வயல் செய்கிற கமக்காரர்கள் என்னைச் சந்தையில் கண்டாலும் விடமாட்டார்கள். கிளிநொச்சிப் பக்கம் என்பது போதும். முப்பத்தொரு வருடம் நீர்ப்பாசன வேலையில் இருந்தவன் நான். தொழில்நுட்ப உதவியாளர்; ரி.ஏ. என்று கூப்பிடுவார்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, அதற்கு எத்தனை ஏக்கர் விதைக்கலாம், எந்த வாய்க்காலுக்கு எத்தனை நாள் திறப்பது என்று கணக்குப் பார்ப்பதுதான் உத்தியோகம். வெளியில் இருந்து பார்த்தால் சீமெந்தும் தண்ணீரும். உள்ளே முழுக்க மனுசர்.

எட்டரை

அந்த ஆடி மாதத்துக் காலையில் குளக்கட்டில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு கேஜைப் பார்த்தேன். கேஜ் என்பது தண்ணீருக்குள் நட்டிருக்கும், அடிக்கணக்கு எழுதிய தூண். எட்டரை காட்டியது. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தேன். எட்டரைதான். என் கணக்குப்படி அன்றைக்கு ஒன்பதரை இருக்க வேண்டும்.

மழையில்லாத மாதங்களில் குளத்தை நம்பிச் செய்கிற சிறுபோகத்துக்கு முந்நூறு ஏக்கர் அனுமதித்திருந்தோம். பயிர் குடலைப் பருவத்தில், கதிர் இன்னும் வெளியே வராமல் நின்றது. மேலும் ஒரு மாதம் தண்ணீர் வேண்டும். சோளகக் காற்று வேறு பகல் முழுக்க அடித்துக் குளத்தைக் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு அடி குறைந்தால் யாருடைய பயிர் காயும் என்று கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை. வாய்க்காலின் கடைசியில் இருக்கிறவருடையதுதான். கடைசியில் இருந்தது புஷ்பத்தின் இரண்டு ஏக்கர்.

புஷ்பத்தின் பெற்றோர் மலையகத் தோட்டத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். அவர் பதினைந்து வருடம் மற்றவர்களின் வயலில் களை பிடுங்கிச் சீவித்தவர். சொந்தக் காணிக்குப் பத்திரம் கிடைத்து, சிறுபோகப் பங்கும் கிடைத்தது அந்த வருடம்தான் முதல் தடவை. வீட்டில் சாப்பாட்டுக்கு வைத்திருந்த நெல்லை விதைத்திருந்தார். அதை அவரே என்னிடம் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நித்திரையாவது வந்திருக்கும்.

ஐந்தை ஆறு என்றது

எனக்கு முன் அந்தக் குளத்தைப் பார்த்த ரி.ஏ. பொறுப்பை என்னிடம் தந்த நாளில், துருசுக்கு மேல் நின்றுகொண்டு ஒரு பாடம் எடுத்தார். துருசு என்பது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்கு விடுகிற மதகு. அதன் அடித்தளத்துக்குக் கீழே கிடக்கிற தண்ணீர் வெளியே வராது.

"இது கேஜில ஐஞ்சு அடி வரைக்கும் இழுக்கும். தம்பி, நீர் சனத்துக்கு ஆறு எண்டு சொல்லும்."

"ஏன் அண்ணை?"

"உள்ளதைச் சொன்னா உள்ளது முழுக்க விதைப்பாங்கள். மழை பிந்தினா உம்மைத்தான் வந்து பிடிப்பாங்கள். ஒரு அடியைக் கையுக்க வச்சிரும்."

கேஜில் பொய் சொல்ல முடியாது, எல்லாருக்கும் தெரியும். ஆனால் துருசின் தளம் தண்ணீருக்குள் கிடக்கிறது. அது எத்தனையாவது அடியில் இருக்கிறது என்பது கட்டின வரைபடத்தை வைத்திருக்கிறவனுக்குத்தான் தெரியும். பதின்மூன்று வருடம் நான் ஆறு என்றே சொன்னேன். கேஜ் ஆறுக்கு இறங்கியதும் சனம் முகம் செத்துப்போய் வரும். நான் ஏதோ பெரிய யோசனை செய்வதுபோல இரண்டு நாள் இழுத்துவிட்டு, மெல்லத் திறந்துவிடுவேன். "சேர் எப்பிடியோ சமாளிச்சுப்போட்டார்" என்பார்கள். அந்தச் சொல் எனக்குப் பிடித்திருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நன்றாகவே பிடித்திருந்தது.

பிறகு குளத்தைத் திருத்திக் கட்டினார்கள். உள்ளே மண் மேடிட்டிருந்ததால் பழைய துருசை அடைத்துவிட்டு, புதியதை ஒரு அடி உயர்த்தி வைத்தார்கள். இப்போது தளம் உண்மையாகவே ஆறில். பொய் தானாகவே உண்மையாகிவிட்டது, இனி நிம்மதி என்று நினைத்துப் படத்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். நான் எட்டரையைக் கண்ட அந்தச் சிறுபோகம்தான் அதற்குப் பிறகு வந்த முதலாவது.

வவுனியாப் பயிற்சி

அந்த வருடம் பங்குனியில் எங்களில் பத்துப் பேரை மூன்று நாள் வவுனியாவுக்கு அனுப்பினார்கள். உளவியலைப் பாவித்து வேலையிலும் சொந்த வாழ்க்கையிலும் முன்னேறுவது எப்படி என்று வகுப்பு. சாப்பாடு நல்லது. படிப்பித்தவர் மெலிந்த ஒரு மிஸ், சத்தம் போட்டுக் கதைக்கவே மாட்டார். கூட்டத்தில் சத்தம் போடுகிறவனை முன்வரிசையில் இருத்துங்கள் என்றார். முதலில் சின்ன விசயத்துக்கு ஓம் சொல்ல வையுங்கள், பிறகு பெரியதுக்கும் ஓம் வரும் என்றார். எவ்வளவு வேண்டும் என்று கேட்காமல், இதுவா அதுவா என்று கேளுங்கள் என்றார். நான் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினேன்.

கடைசி நாள் ஆளுக்கொரு துண்டு தந்து, வேலையில் உங்களுக்கு இருக்கிற பெரிய பயத்தை எழுதுங்கோ என்றார். "தண்ணி காணாமல் போயிடும்" என்று எழுதினேன். என் கதிரைக்குப் பக்கத்தில் வந்து வாசித்தார்.

"இது குளத்தின்ர பயம் சேர். உங்கட பயம் என்ன?"

நான் சிரித்து மழுப்பினேன். துண்டைக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

சிறுபோகக் கூட்டத்தில் படித்ததை எல்லாம் இறக்கினேன். கமக்காரர் அமைப்பின் செயலாளர் சிவபாலண்ணையை முன்வரிசையில் இருத்தினேன். பாட்டன் காலத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து இந்தக் குளத்தின் கீழ் காணி பெற்ற குடும்பம். வாய்க்காலின் தொடக்கத்தில் நல்ல வயல், நல்ல தொண்டை. முந்நூறா, இருநூற்றெண்பதா என்று கேட்டேன். முந்நூறு என்று எல்லாரும் கை தூக்கினார்கள். ஐந்து மணித்தியாலம் நடக்கிற சண்டை முக்கால் மணித்தியாலத்தில் முடிந்தது. மேலதிகாரிகள் என் தோளில் தட்டினார்கள். முடிவில் வழக்கம்போலச் சொன்னேன்.

"ஒண்டை மறக்காதேங்கோ, ஆறு அடிக்குக் கீழ தண்ணி வராது."

"ஓம் சேர், ஆறு அடி. எங்களுக்குத் தெரியாதோ!" என்றார் சிவபாலண்ணை. மண்டபம் முழுக்கச் சிரித்தது. எதற்கென்று விளங்காமல் நானும் சிரித்தேன்.

"உங்கட அடி"

எட்டரையைக் கண்ட காலையில் வாய்க்கால் வழியே நடந்தேன். அரை மைல் போவதற்குள் விசயம் தெரிந்துவிட்டது. அனுமதித்த எல்லைக்கு வெளியே அங்கே அரை ஏக்கர், இங்கே ஒரு ஏக்கர் என்று பச்சைப் பசேலென்று நின்றது. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு நான் லீவு போட்ட நாட்களில் விதைத்திருக்கிறார்கள். கூட்டிப் பார்த்தால் ஐம்பது ஏக்கருக்கு மேல் வந்தது. அதற்குப் பிறகும் நான் வாய்க்காலை நடந்து பார்க்காமல் கந்தோர் மேசையில் இருந்தபடி கணக்குப் போட்டிருக்கிறேன். அது என் பிழை.

சிவபாலண்ணை தன் மேலதிக ஏக்கரின் வரம்பிலேயே நின்றார். ஒளிக்கவும் இல்லை.

"என்னண்ணை இது? தண்ணிக்கு எங்க போறது?"

"ஏன் சேர், உங்கட அடி இருக்குத்தானே?"

"எந்த அடி?"

"வருசா வருசம் ஒளிச்சு வச்சிட்டுக் கடைசியில விடுறீங்களே, அந்த அடி. அதை நம்பித்தான் எல்லாரும் கொஞ்சம் கூடப் போட்டவங்கள். என்ன சேர் தெரியாத மாதிரிக் கேக்கிறீங்கள்?"

பதின்மூன்று வருடம் நான் மண்டைக்குள் பூட்டி வைத்த இரகசியம், ஊர் முழுவதற்கும் தெரிந்த பகிடி. கூட்டத்தில் அவர்கள் சிரித்தது அதற்குத்தான். இப்போது அந்த அடி இல்லை. இல்லை என்று சொல்ல வேண்டுமென்றால், முந்தி இருந்தது என்று சொல்ல வேண்டும். சொல்லாமல் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

கடைசி வயலில் புஷ்பம் வரம்பு கட்டிக்கொண்டு நின்றார். மண்வெட்டியை ஊன்றிவிட்டு நேராகக் கேட்டார்.

"சேர், கடைசி வரைக்கும் தண்ணி வருமோ?"

"வரும்" என்றேன். யோசிக்காமல் வந்தது. அவர் முகம் அப்படியே தெளிந்துபோனது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல், போன் வந்ததுபோலக் காதில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த மூன்று நாளும் காலையில் கேஜ், மத்தியானம் கேஜ், பின்னேரம் கேஜ். பார்த்தால் ஏறுமா? சோறு இறங்கவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. "குளத்துக்கு நீங்களோ தண்ணி வாக்கிறீங்கள்?" என்று மனைவி ஏசினார். அலுமாரியைத் துடைத்தபோது கொப்பிக்குள் இருந்து விழுந்த வவுனியாத் துண்டை மேசையில் வைத்தார். தண்ணி காணாமல் போயிடும். அதை வெட்டிவிட்டுக் கீழே எழுதினேன்: "சனத்துக்கு முன்னால பொய்யனாய் நிக்க வேண்டி வரும்." எழுதியவுடன் படபடப்பு நின்றுவிட்டது என்று சொன்னால் அது இன்னொரு பொய். நிற்கவில்லை. ஆனால் எதைக் கண்டு நடுங்குகிறேன் என்று பெயர் தெரிந்தது. பெயர் தெரிந்தால் அதன் பக்கம் ஒரு காலடியாவது எடுத்து வைக்கலாம்.

குளக்கட்டில்

மறுநாள் காலையில் எல்லாரையும் குளக்கட்டுக்கு வரச் சொன்னேன். முன்வரிசை, பின்வரிசை ஒன்றும் இல்லை. எழுதிக்கொண்டு போனதையும் வாசிக்கவில்லை. கை நடுங்கியதால் வாசிக்க முடியவில்லை.

"பழைய துருசு ஐஞ்சடி வரைக்கும் இழுத்தது. நான் ஆறு எண்டு பொய் சொன்னனான், பதின்மூண்டு வருசம். புதுத் துருசு உண்மையா ஆறிலதான் கிடக்கு. அதை உங்களுக்கு விளங்கப்படுத்த எனக்குப் பயமா இருந்தது. இப்ப கையில இருக்கிறது ரண்டரை அடி. தேவை மூண்டரை."

கூட்டம் வெடித்தது. "எங்களை மாடுகள் எண்டு நினைச்சனீங்களோ?" என்று ஒருவர். "மேலிடத்துக்கு எழுதுவம்" என்று இன்னொருவர். எல்லாம் நியாயம். ஆனால் என்னைக் கொன்றது புஷ்பம் மெதுவாகக் கேட்டதுதான்.

"நாலு நாளைக்கு முந்தி வரும் எண்டீங்கள். இண்டைக்கு வராது எண்டுறீங்கள். எதை நம்புறது சேர்?"

"என்னை நம்ப வேண்டாம்" என்றேன். "அளந்து பாருங்கோ."

துருசை மூடச் சொல்லி, அளவுத்தடியை சிவபாலண்ணையிடம் கொடுத்தேன். கேஜ் அன்றைக்கும் ஏறக்குறைய எட்டரைதான், மூன்று நாளும் வாய்க்காலைக் குறைத்து வைத்திருந்தேன். தளம் ஐந்தில் இருந்தால் தடி மூன்றரை அடி நனைய வேண்டும். ஆறில் இருந்தால் இரண்டரை. அவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். காலால் தடவித் தளத்தைக் கண்டுபிடித்து, தடியை ஊன்றி, பெருவிரலால் நனைந்த இடத்தைப் பிடித்தபடி மேலே வந்தார். எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். இரண்டரை.

"ஆறுதான்" என்றார். அவர் குரல் அவ்வளவு தாழ்ந்து நான் கேட்டதில்லை.

அதற்குப் பிறகு நடந்தது என் கெட்டித்தனம் அல்ல. மேலதிகமாக விதைத்த ஐம்பது ஏக்கருக்கும் தண்ணீர் இல்லை என்று அவர்களே முடிவெடுத்தார்கள். சிவபாலண்ணை முதலில் தன் ஏக்கரின் மடையை மண் போட்டு அடைத்தார். இரண்டு மாட்டை அவிழ்த்து அந்தப் பச்சைப் பயிருக்குள் விட்டார். கடைசி முறைப் பாய்ச்சலுக்கு ஆறு அடிக்குக் கீழே கிடந்த தண்ணீரை, தங்கள் வாட்டர் பம்புகளைக் கொண்டுவந்து இறைத்தார்கள். புஷ்பத்தின் வயலில் ஒன்றரை ஏக்கர் விளைந்தது. மற்ற அரை ஏக்கர் சப்பி, வெறும் பதர். அந்த அரை ஏக்கரை இன்றைக்கும் என் கணக்கில்தான் வைத்திருக்கிறேன்.

தம்பிக்கு

ஓய்வு பெற்று இரண்டு வருடம். மனசைப் பாவித்து வேலையில் வெல்லலாம் என்று மிஸ் சொன்னது சரி. என் பிழை, அதை மற்றவர்களின் மனசில் மட்டும் பாவித்தது. முதலில் என்னுடையதைத் திறந்து பார்த்திருக்க வேண்டும். பயந்தவன் கூட்டத்தை எவ்வளவு திறமாக நடத்தினாலும், கடைசியில் அவன் பயம்தான் எல்லார் வயலிலும் பாயும்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் போன கிழமை புஷ்பம் எடுத்த போன். இப்போது அவர்தான் அமைப்பின் செயலாளர். ஒவ்வொரு கூட்டத்துக்கு முதலும் தானே தடியோடு குளத்தில் இறங்குகிறார்.

"சேர், புதுசா வந்த ரி.ஏ. தம்பி கூட்டத்தில ஏழு அடி எண்டு சொல்லுறார்."

"நீங்கள் அளந்தனீங்களோ?"

"அளந்தனான். ஆறுதான்."

"பிறகேன் அங்க வச்சுச் சொல்லேல்லை?"

"பிள்ளைக்குக் கை நடுங்கிக்கொண்டு நிண்டது சேர். பாக்கப் பாவமாக் கிடந்துது. எல்லாரும் பேசாமல் இருந்திட்டம்."

தம்பி, உங்களை எனக்குத் தெரியாது. அடுத்த கூட்டத்துக்கு முன் நீங்களாகவே சொல்லிவிடுங்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.