இடப்பக்கம் திரும்பாத கழுத்து

கிரேன் ஓட்டுகிற வேலையில் கைக்கு இருக்கிற வேலையைவிடக் கழுத்துக்கு இருக்கிற வேலைதான் அதிகம். கும்மிடிப்பூண்டியில் ஒரு இரும்பு ஆலை. கூரைக்கு அடியில் தண்டவாளத்தில் ஓடுகிற கிரேனில், இரண்டு மாடி உயரத்தில் ஒரு கூண்டு. அதில் உட்கார்ந்து பன்னிரண்டு வருஷமாகக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கீழே ஒருவர் கம்பிக்கட்டில் சங்கிலி மாட்டிவிட்டுக் கை காட்டுவார். அவரை ரிக்கர் என்போம். தூக்கு என்று காட்டினால் தூக்குவேன், இறக்கு என்றால் இறக்குவேன், நில் என்றால் நிற்பேன். நான் சரியாகப் பார்க்கவில்லை என்றால் போவது அவர் உயிர். அதனால் கழுத்து திரும்பாத ஆபரேட்டரை மேலே ஏற்ற மாட்டார்கள். இந்த ஒரு விதியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டே இதைப் படிக்கிற நண்பர்களே.

மகள் விட்டது, அப்பன் பிடித்தது

என் மகள் கீர்த்தனா ஒன்பதாவது படிக்கும்போது வில்வித்தை கற்றுக்கொள்ளப் போனாள். பெரியபாளையம் ரோட்டில் ஒரு கொய்யாத் தோட்டத்தை ஒட்டிய காலி மனையில் ஞாயிறு காலை வகுப்பு. கவரைப்பேட்டையிலிருந்து பைக்கில் கொண்டுபோய் விட்டு, வேப்பமரத்தடியில் காத்திருப்பேன். பிளஸ் ஒன் வந்ததும் டியூஷன் வந்தது, வில் போனது. அவள் நிம்மதியாக இருந்தாள். எனக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. மூன்றாவது வாரம் தனியாகவே போய், "நான் ஒரு தடவ விட்டுப் பாக்கவா?" என்று கேட்டேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது.

முதல் அம்பு இலக்குக்குப் பின்னால் கட்டியிருந்த சாக்குப் படுதாவில் போய்ச் செருகிக்கொண்டது. அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. நாணை இழுத்துத் தாடையில் வைத்து நிற்கிற அந்த இரண்டு மூன்று விநாடியில் எனக்கு யாரும் கை காட்டவில்லை. எப்போது விடுவது என்று நானே முடிவு செய்தேன். வேலைக்கு வந்த நாளிலிருந்து அப்படி ஒரு விநாடி எனக்குக் கிடைத்ததில்லை. சொன்னால் சிரிப்பீர்கள், கண் கலங்கிவிட்டது. வகுப்பு எடுக்கும் ரேவதி, கீர்த்தனாவைவிட ஏழெட்டு வயது மூத்த பெண், என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இன்னா அங்கிள், பொண்ண இட்டுக்கினு வருவீங்க, இப்ப பொண்ண உட்டுட்டு நீங்க மட்டும் வந்துகினு இருக்கீங்க?"

வெயிலில் ஒரு தலையணை

ஆறு மாதம் நன்றாகப் போனது. ஒரு திங்கட்கிழமை காலை எழுந்தால் கழுத்து இடப்பக்கம் திரும்பவில்லை. இடது கையில் வில் பிடிக்கிறவன் இடது தோளுக்கு மேல்தான் இலக்கைப் பார்க்க வேண்டும். வலி எங்கிருந்து வந்தது என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. தெரிந்துவிட்டதாக நினைத்தேன்.

என் மனைவி மஞ்சுளா வைத்தியத்தைத் தாமதிக்கிறவள் இல்லை. தூக்கத்தில் கழுத்து பிடித்தால் தலையணையை வெயிலில் போட வேண்டும், அது காயக் காயக் கழுத்து இளகும் என்பது அவள் வீட்டு வழக்கம். என் தலையணை மூன்று நாள் மொட்டை மாடியில் காய்ந்தது. நான் வரும்போதும் போகும்போதும் பக்கத்து வீட்டார் மாடியைப் பார்த்துவிட்டு என் கழுத்தைப் பார்த்தார்கள். மூன்றாம் நாள் சாயந்திரம் தலையணையைத் தட்டிக்கொண்டே மஞ்சுளா சொன்னாள்: "இது நல்லா காஞ்சிச்சி. அந்த வில்லயும் எடுத்தாந்து வெயில்ல போடு, எல்லாம் சரியாப் பூடும்."

பத்து டன் தூக்குகிறவன்

எங்கள் ஆலை கேன்டீனில் கன்னியம்மா என்று ஒரு அம்மா. இரட்டைப் பிள்ளை பெற்றவர். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை பட்டால் சுளுக்கு விடும் என்று நம்புகிறவர்கள் எங்கள் பக்கம் நிறைய உண்டு. எனவே மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கை கழுவுகிற இடத்தில் எப்போதும் இரண்டு பேர் சட்டையைத் தளர்த்திக்கொண்டு நிற்பார்கள். நானும் நின்றேன். விளக்கெண்ணெய் தொட்டு மேலிருந்து கீழாக வழித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அன்று ராத்திரி தூங்கினேன். மறுநாள் கழுத்து கொஞ்சம் திரும்பியது, அதை வைத்தே சமாளித்துக் கூண்டில் உட்கார்ந்தேன்.

வழித்துக்கொண்டே, கனமாக ஏதாவது தூக்கினாயா என்று கேட்டார். வில் விஷயத்தை ஆலையில் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பொழுதுபோக்குக்குப் போய்க் கழுத்தைக் கெடுத்துக்கொண்டான் என்று தெரிந்தால் மேலே ஏற விடுவார்களா? அதனால் தினமும் பத்து டன் தூக்குகிறேன் என்று சொல்லி வைத்தேன். கன்னியம்மா கையை எடுத்துவிட்டார். "தூக்கறது கிரேனு. வலிக்கணும்னா அதுக்குத்தான வலிக்கணும்? உனுக்கு இன்னாத்துக்குப்பா வலிக்குது?"

போனில் பார்த்த தலை

ஞாயிற்றுக்கிழமை ரேவதியிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவள் பக்கவாட்டில் நின்று நான் அம்பு விடுவதைப் போனில் எடுத்துக் காட்டினாள். பார்க்கச் சகிக்கவில்லை. நாண் தாடைக்கு வருவதற்கு முன்னால் என் தலை கிளம்பி முன்னே போகிறது. தாடை நீண்டு, முகம் இடப்பக்கம் சாய்ந்து, எதையோ எட்டிப் பார்க்கிற மாதிரி. உடம்பு ஒரு இடத்திலும் தலை வேறு இடத்திலும் இருந்தது.

ஒரு மாதம் வில்லைத் தொடாதீர்கள், டாக்டரைப் பாருங்கள் என்று சொன்னாள். தலையாட்டினேன், அதுவும் வலித்தது. ஆனால் நிறுத்தவில்லை. வாரத்தில் ஆறு நாள் பிறர் கைக்கு ஆடுகிறவனுக்கு ஏழாவது நாளையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அடுத்த வாரமும் போய், பல்லைக் கடித்துக்கொண்டு, தலையை நிறுத்திப் பார்த்தேன். அது நிற்கவில்லை. என் பேச்சைக் கேட்காத தலையை என்ன செய்வது? ரேவதிக்கு முதல் முறையாகக் கோபம் வந்தது: "நாணு உங்ககிட்ட வரணும் அங்கிள். நீங்க ஏன் அதுகிட்ட போறீங்க? யாரு உங்களுக்கு அப்பிடி சொல்லிக் குடுத்தாங்க?"

டாக்டருக்கு முன்னால் ஒரு நடிப்பு

அந்த மாதமே ஆலையில் வருஷாந்தர மருத்துவப் பரிசோதனை வந்தது. கிரேன் ஆட்களுக்குக் கண்ணும் காதும் கழுத்தும் முக்கியம். அதற்கு முந்தின நாள் முழுக்கக் கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். கழுத்தைத் திருப்பாமல் இடுப்பைத் திருப்பினால் தோளும் சேர்ந்து வரும், முகமும் இடப்பக்கம் போன மாதிரி இருக்கும். வேகமாகச் செய்தால் தெரியாது.

வரிசையில் எனக்கு முன்னால் முப்பது பேர், பின்னால் ஐம்பது பேர். டாக்டர் இடப்பக்கம் பார் என்றார், இடுப்போடு பார்த்தேன். மேலே பார் என்றார், நாற்காலியில் சாய்ந்து பார்த்தேன். அவர் மேல் தப்பு சொல்ல மாட்டேன், நான் அவ்வளவு நன்றாக ஏமாற்றினேன். வெளியே வந்ததும் ஜெயித்துவிட்ட சந்தோஷம் இருந்தது. டீ குடித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. காரணம், கையெழுத்துப் போடும்போது அவர் நிமிர்ந்து சிரித்துக்கொண்டே சொன்னது காதில் நின்றது: "உங்கள நம்பித்தானே கீழ ஆளு நிக்கறாங்க. நல்லா திரும்புது, போங்க."

டேனியலின் ஹெல்மெட்

என் ரிக்கர் டேனியல். எட்டு வருஷமாக எனக்குக் கை காட்டுகிறவன். அவன் அப்பா அம்மா பக்கத்து ஊர்க் கழனிகளில் கூலி வேலை செய்தவர்கள். குடும்பத்தில் முதல் கம்பெனி வேலை இவனுடையது. போன வருஷம்தான் கல்யாணம் ஆயிற்று. நானும் அவனும் பேசிக்கொண்டதைவிடக் கையால் சொல்லிக்கொண்டது அதிகம்.

பரிசோதனை முடிந்து நாலாம் நாள், காலை ஷிப்ட். கம்பிக்கட்டு ஒன்றைத் தூக்கி நிறுத்தியிருந்தேன். வலப்பக்கம் நின்றிருந்த டேனியல், சங்கிலி ஒன்று சரியாக விழவில்லை என்று கட்டைச் சுற்றிக்கொண்டு இடப்பக்கம் போனான். நான் கூண்டின் இடப்பக்கத் திறப்பில் தலையை நீட்டிப் பார்த்திருக்க வேண்டும். கழுத்து வரவில்லை. டாக்டர் முன்னால் செய்த மாதிரி இடுப்பைத் திருப்பவும் சீட்டில் இடமில்லை. இந்நேரம் திரும்ப வந்திருப்பான் என்று நானே நினைத்துக்கொண்டு லிவரைத் தள்ளினேன். கட்டு ஆடியது. கீழே நாலு பேர் ஒன்றாகக் கத்தினார்கள். நிறுத்தினேன்.

கம்பி முனை அவன் ஹெல்மெட்டைத் தட்டிவிட்டிருந்தது. அவன் குனிந்திருந்தான், அதனால் ஹெல்மெட் மட்டும் போயிற்று. ஏணியில் இறங்கி ஓடினேன். டேனியல் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "உன் தல வெளிய வரும், அப்பால தான் நீ தூக்குவன்னு எட்டு வருசமா நம்பிக்கினு இருக்கறேண்ணா. இன்னிக்கி தலயே வர்ல. இன்னாண்ணா ஆச்சு உனுக்கு?"

சொன்ன பிறகு

அங்கிருந்து நேராக ஷிப்ட் இன்சார்ஜ் பாஸ்கர் சாரிடம் போனேன். கழுத்து, வில், தலையணை, டாக்டரை ஏமாற்றியது, எல்லாவற்றையும் சொன்னேன். வேலை போனாலும் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கத்தவில்லை. கிரேன் அனுமதியை எடுத்துவிட்டு, இரண்டு மாதம் கீழே வேலை, வாரம் மூன்று நாள் பிசியோதெரபி, அது முடிந்து மறுபடி பரிசோதனை என்று எழுதினார். அதில் தேறாவிட்டால் மேலே ஏறுவதை மறந்துவிட வேண்டியதுதான். வில்லுக்கும் இரண்டு மாதம் தடை.

பேப்பரை என்னிடம் நீட்டும்போது சொன்னார்: "வலிக்குதுன்னு முன்னயே சொல்லியிருந்தா நீ ரெண்டு மாசம் கீழ நின்னிருப்ப, அவ்ளோதான். நீ சொல்லாததுக்கு அந்தப் பையன் பொண்டாட்டிக்கு நான் இன்னா பதில் சொல்லியிருப்பேன்?"

கீழேயிருந்து பார்த்தால்

டேனியலோடு சேர்ந்து கீழே நின்று சங்கிலி மாட்டினேன். என் இடத்தில் வேறொரு ஆபரேட்டர் மேலே இருந்தார். முதல் நாளே நிமிர்ந்து பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டேன். கூண்டின் இடப்பக்கத் திறப்பில் அவர் தலை மட்டும் வெளியே இருக்கிறது. தாடை நீண்டு, முகம் இடப்பக்கம் சாய்ந்து. ரேவதி போனில் காட்டினாளே, அதே தலை! அவர் வாழ்நாளில் வில்லைத் தொட்டதில்லை.

பிறகுதான் கூண்டின் முன்கண்ணாடியைப் பார்த்தேன். சூட்டிலும் இரும்புத் தூளிலும் கீறல் விழுந்து, துடைத்தாலும் போகாதபடி வெளுத்திருந்தது. நான் சேர்ந்த நாளிலேயே அது மங்கல்தான். எனக்கு வேலை பழக்கியவர் தலையை நீட்டிப் பார்த்தார், நானும் நீட்டிப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் அப்படிப் பார்த்த தலை, வில்லை எடுத்ததும் தன் வேலையைச் செய்தது. வில்லைக் குற்றம் சொன்ன மஞ்சுளாவும், அதை நம்பி மறைத்து வைத்த நானும் தப்பு. கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் வந்தது. மாட்டிய ஆட்கள் பழைய கண்ணாடியை இறக்கி வைத்ததும், பாஸ்கர் சார் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இதுல இன்னாத்தய்யா பாத்த நீ? பன்னெண்டு வருசமா ஒருத்தனுக்கும் கேக்கணும்னு தோணலியா?"

புதுக் கண்ணாடி

இரண்டு மாதம் முடிந்தது. இந்த முறை டாக்டரிடம் இடுப்பு அசையாமல் கழுத்தை மட்டும் திருப்பினேன், பழைய கதையையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். ரேவதி இழுக்க இலகுவான ஒரு வில் கொடுத்தாள். வேப்பமரத்தில் பின்தலையை ஒட்டி நின்று, மரத்தை விட்டுத் தலை கிளம்பாமல் நாணைத் தாடைக்குக் கொண்டுவரப் பழகுகிறேன். அம்பு இன்னும் சாக்குப் படுதாவுக்குத்தான் அடிக்கடி போகிறது. கழுத்து மழை நாளில் கொஞ்சம் முனகும், மற்றபடி திரும்பும்.

மறுபடி கூண்டில் ஏறிய காலை, டேனியல் கீழே சங்கிலியை மாட்டிவிட்டுக் கையைத் தூக்கினான். எனக்குப் பழக்கம் விடவில்லை. கழுத்து இடப்பக்கம் கிளம்பியது, அவசரத்தில் கண்ணாடிச் சட்டத்தில் நெற்றியை இடித்துக்கொண்டேன். கீழே சிரிப்புச் சத்தம் கேட்டது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நேராகப் பார்த்தேன். டேனியல் முழுசாகத் தெரிந்தான், புது ஹெல்மெட், தூக்கிய கை, பல் எல்லாம். இரண்டு கையையும் வாயருகே குவித்துக் கத்தினான்: "தல உள்ளயே இருக்கட்டும்ணா! உன் மூஞ்சி இப்பதான் எனக்கு முழுசா தெரியுது!"

தலையணை முதல் விளக்கெண்ணெய் வரை எல்லா வைத்தியமும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், கழுத்துவலிக்கு நான் கடைசியாகப் போனதும் முதலிலேயே போயிருக்க வேண்டியதும் வாயைத் திறந்து சொல்கிற வைத்தியத்துக்குத்தான்.