பி பக்கத்துக் கடைசிப் பாட்டு

என் மகளுக்கு எட்டு மாதம் ஆனபோது மதியத் தூக்கம் போய்விட்டது. தூங்காததால் சாப்பாடு இறங்கவில்லை. சாப்பிடாததால் எடை ஏறவில்லை. "மத்தியானம் ரெண்டு மணி நேரம் தூங்க வைங்கம்மா, மத்ததெல்லாம் தானா வரும்" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எப்படித் தூங்க வைப்பது என்று நான் கேட்டிருக்க வேண்டும். எம்.எஸ்ஸி. படித்தவள் இதையெல்லாமா கேட்பாள் என்று நினைத்துவிடுவாரோ என்று பேசாமல் வந்துவிட்டேன்.

தூளி கட்டிப் பார்த்தேன். தாலாட்டுப் பாடினேன். இரண்டாவது வரி மறந்து முழித்தபோது குழந்தையே என்னைப் பரிதாபமாகப் பார்த்தது. கடைசியில் அவளைத் தூங்க வைத்தது என் கணவருடைய ஒரு பழைய கேசட்.

அது இங்கிலாந்துக் குழு ஒன்றின் கேசட். ஐந்து தாடிக்காரர்கள். என் கணவர் பள்ளிக்கூடம் போன காலத்தில் புகழின் உச்சியில் இருந்தார்கள். எங்களுக்குக் கல்யாணம் ஆனபோது தாடி நரைத்து, அப்போதும் ஊர் ஊராகப் போய் வாசித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் எங்கள் மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் மூன்று பேர் கூடி இவர்களைப் பற்றிப் பேசுவார்கள்: என் கணவர், கோட்டூர்புரத்திலிருந்து வரும் வங்கி அதிகாரி, பாலவாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வரும் கணக்குப் பேராசிரியர். மூவரும் கல்லூரித் தோழர்கள்.

"நாலாவது ஆல்பத்தோட அவங்க கதை முடிஞ்சுது மச்சி. அப்புறம் போட்டதெல்லாம் பென்ஷன் வாங்கற சங்கீதம்" என்பார் பேராசிரியர்.

"பேங்க்காரன் முன்னாடி பென்ஷனைப் பத்திக் கேவலமாப் பேசாதே" என்பார் வங்கி அதிகாரி.

அவர்கள் சண்டை கடைசியில் வந்து நிற்கும் இடம், அந்தக் கேசட்டின் பி பக்கத்துக் கடைசிப் பாட்டு. கால்மணி நேரம் ஓடும். முடிவில் புல்லாங்குழல் மேலே மேலே ஏறி, பாதி மூச்சில் சட்டென்று நின்றுவிடும். ஒரு நிசப்தம். பிறகு டேப் ரிக்கார்டர் தானாக 'டக்' என்று நிற்கும். அந்த நிசப்தம் மரணம் என்பது வங்கி அதிகாரியின் கட்சி. முடிவிலி என்பார் பேராசிரியர். மிச்சத்தைக் கேட்பவன் மனசுக்குள் முடித்துக்கொள்ள வேண்டும் என்று என் கணவர் கல்லூரி மலரில் கட்டுரையே எழுதியிருந்தார்.

என் மாமியார், அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பவர். கீரை ஆய்ந்தபடி தொடையில் தட்டிப் பார்த்துவிட்டு ஒருநாள் சொன்னார்: "ஏழு ஏழா வரது, மிஸ்ர சாபு. இதுக்கா இத்தனை அமர்க்களம்? ஆனா ஏண்டா, பாட்டு முடியவே இல்லையே. பாதியில அறுந்துடுத்தே!"

"அதுதாம்மா தத்துவம்."

"தத்துவமா? நன்னாருக்கு."

அந்த நிசப்தத்தில்தான் ஒரு ஞாயிறு, என் தோளிலிருந்த குழந்தை தலை சாய்த்தது. 'டக்' கேட்டபோது தூங்கியிருந்தது. திங்களன்றும் போட்டேன், தூங்கினாள். தினமும் இரண்டு மணிக்கு அதே பாட்டு. ட்ரம்ஸ் சத்தம் காதைக் கெடுக்குமோ என்று பஞ்சு வைத்தேன். பஞ்சு உள்ளே போய்விடுமோ என்று எடுத்தேன். அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

அப்போதுதான் வங்கி அதிகாரியின் அக்கா அமெரிக்காவிலிருந்து அந்த ஆல்பத்தின் சிடியைக் கொண்டுவந்தார். அந்த ஞாயிறு மூவரும் பெண் பார்க்க வந்தவர்கள்போல இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தார்கள். புல்லாங்குழல் ஏறியது. நிற்க வேண்டிய இடம் வந்தது. நிற்கவில்லை. ட்ரம்ஸ் இடித்துக்கொண்டு வந்தது, பத்துப் பேர் கோரஸ் பாடினார்கள், ஏழு நிமிடம் கழித்து எல்லாம் மெதுவாக அடங்கியது.

யாரும் யாரையும் பார்க்கவில்லை. கல்லூரி நாளில் தி.நகர் ரெக்கார்டிங் கடையில் இசைத்தட்டிலிருந்து பதிந்து வாங்கிய கேசட் அது. பாட்டு முடியும் முன் டேப் தீர்ந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். மற்ற இருவருடைய கேசட்டும் இதிலிருந்து எடுத்த பிரதிகள்.

"இப்பத்தான் முடிஞ்சுது. ஷட்ஜத்துல வந்து உக்காந்துடுத்து பாரு" என்றார் மாமியார், சமையலறையிலிருந்து.

வெட்கம் தாங்காமல் மறுநாளே என் கணவர் பழைய கேசட்டில், இடம் போதும்படி பி பக்கத்து ஆரம்பத்திலிருந்தே, முழுப் பாட்டையும் மேலே பதிந்துவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை இரண்டு மணிக்கு, கண் செருகிக்கொண்டிருந்த குழந்தையின் தலையில் அந்த ட்ரம்ஸ் இறங்கியது. அலறினாள். நான்தான் துரோகம் செய்ததுபோல என்னைப் பார்த்தாள். ஆபீசுக்கு போன் செய்தேன்.

"ஏன்னா, பாட்டு நிக்க மாட்டேங்கறது!"

"எந்தப் பாட்டு? கொழந்தைக்கு என்ன?"

"அவா ரெண்டு பேர்கிட்டயும் பழைய கேசட் இருக்கான்னு கேளுங்கோ."

கேட்டார். இருவரும் அந்த ஞாயிறு சாயங்காலமே தங்கள் கேசட்டை அழித்துவிட்டிருந்தார்கள். அடுத்த திங்கள் எடை பார்க்கும் நாள். மூன்று நாள் குழந்தையும் தூங்கவில்லை, சாதமும் இறங்கவில்லை.

நாலாவது நாள்தான், நானே பொத்தானை அமுக்கி நிறுத்தலாமே என்று தோன்றியது. படித்தவளுக்கு அதற்கு மூன்று நாள் ஆகியிருக்கிறது. ஆனால் ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அவள் கண்டுபிடித்துவிட்டாள். மாமியார் சொன்ன மிஸ்ர சாபு தாளம் நினைவுக்கு வந்தது. புல்லாங்குழல் தொடங்கியதிலிருந்து ஏழு ஏழாக எண்ணினேன். ஒன்பதாவது ஏழில் ஐந்தாவது அடி. அமுக்கினேன். பொத்தானே 'டக்' என்றது. தூங்கிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மூவரும் வந்தார்கள். முழுப் பாட்டை ஓடவிட்டு இழவு வீட்டில் போல உட்கார்ந்திருந்தார்கள்.

"கடைசி ஏழு நிமிஷம்... நல்லாத்தான் இருக்கு" என்றார் வங்கி அதிகாரி.

"ம்" என்றார் பேராசிரியர்.

நான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றேன். புல்லாங்குழல் வந்ததும் வாய் தானாக எண்ணியது; கை தானாகப் போய் அமுக்கியது. டக். விருந்தாளிகள் கேட்டுக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டேனே என்று எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "மன்னிச்சுக்கோங்கோ, பழக்கதோஷம்..."

வங்கி அதிகாரி கண்ணை மூடியபடி, "அப்பாடா" என்றார்.

"இதான் மச்சி பாட்டு" என்றார் பேராசிரியர். "முடிவிலி."

"மரணம்டா."

குழந்தை தூங்குகிறது என்று அந்தச் சண்டை முழுவதையும் கிசுகிசுத்தே போட்டார்கள்.

மறுநாள் தராசு முள் சரியான பக்கம் நகர்ந்தது. "பரவாயில்லையே, எப்படித் தூங்க வெச்சீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"தாலாட்டு" என்றேன். அது பொய்யில் சேருமா என்று வீடு வந்து சேரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.