மெசின் கண்ட மடு மண்

பேசாலைக் கரையில் பாரைக் கருவாட்டைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. செலீனா கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எடுத்தாள். ஜேர்மனியிலிருந்து மகள் சுவேதினி.

"வாறதுக்கு ரிக்கெற் போட்டிட்டியா பிள்ளை?"

எப்போதும் இதுதான் முதல் கேள்வி. போய் நான்கு வருடமாகிறது. ஆவணியில் மடு மாதா கோயில் திருவிழாவுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள்.

"வேலையில ஒரு கரைச்சல் அம்மா."

சுவேதினியும் கூட்டாளிகளும் ஒரு மெசினைச் செம்மைப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மிக நுண்ணிய இரும்புத் துகளை இரத்தத்தில் விட்டால், அது ஓடும் இடத்தைக் காந்தத்தால் கண்டு படமாக்கும். நோயாளியின் கட்டிலடியிலேயே வைத்து, மூளைக்கு இரத்தம் போகிறதா என்று பார்க்கலாம். செலீனாவுக்கு விளங்கியது இந்தக் கடைசிப் பகுதிதான். அவள் புருசன் சந்தியோகுவுக்குக் கடலில், வள்ளத்திலேயே வாய் கோணிப்போனது. தலையைப் படமெடுக்கும் மெசின் இருந்த ஊருக்குப் போய்ச் சேருமுன் உயிர் போய்விட்டது. சுவேதினி அப்போது பள்ளிப் பிள்ளை.

"அந்த மெசின் சதையும் பாக்காது, எலும்பும் பாக்காது. இரும்பை மட்டும்தான் பாக்கும். உள்ளுக்கு ஒண்டும் வைக்காமல் ஓட்டினாலும் ஒரு புள்ளி தெரிஞ்சது. எல்லாரும் கழட்டிப் பூட்டிப் பாத்தம். கடைசியில பாத்தா, சிவப்பு மண் தூசு. அதில இரும்பு இருக்கெல்லோ. என்ர வெள்ளைக் கோட்டுக் கையில இருந்து கொட்டுப்பட்டிருக்கு."

பிள்ளை புறப்படுமுன் அந்தக் கோட்டின் கைமடிப்பைப் பிரித்து, மடுக் கோயில் மண்ணைச் சிறு பொட்டலமாக வைத்துத் தைத்தவள் செலீனாதான். பாம்பு தீண்டாதென்று அந்த மண்ணை வீட்டில் வைத்திருப்பார்கள். பனி விழும் நாட்டில் பாம்புப் பயம் இல்லையென்று அவளுக்கும் தெரியும். தனியே போகிற பிள்ளைக்கு வேறு எதைக் கொடுத்துவிடுவது?

"நீங்கள்தானே அம்மா?"

"நூல் இத்துப்போச்சோ?"

சுவேதினி சிரித்துவிட்டாள். "நூல் நல்லாத்தான் இருக்கு. துணிதான் தேஞ்சுபோச்சு. உங்கட தையலைப் பிரிக்கக் கத்தி தேவைப்பட்டது. பேராசிரியர் என்னெண்டு கேட்டார். பாம்புக்கு எண்டன். மனுசன் மேசைக்குக் கீழ குனிஞ்சு பாத்தார்."

செலீனாவும் சிரித்தாள். பிறகு கேட்டாள்: "அப்ப, திருவிழா?"

"எடுத்த படம் எல்லாம் திரும்ப எடுக்கோணும் அம்மா. இந்தமுறை வர ஏலாது."

கருவாட்டில் காகம் வந்திருந்தது. செலீனா அதை விரட்டவில்லை.

"மண்ணைக் கொட்டிப்போட்டியா?"

"இல்லை. அறையில, தலைமாட்டில வைச்சிருக்கிறன்."

"அந்தப் புள்ளியை எனக்கு அனுப்பு."

வந்த படம் முழுக்கக் கறுப்பு. நடுவில் வெள்ளையாய் ஒரு பொட்டு. சந்தியோகுவின் தங்கை மாக்கிறட் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், இருட்டுக்க தனி வள்ளமோ?"

"பிள்ளையின்ர கை பட்ட இடம். கை தெரியாதாம். மண் மட்டும்தான் தெரியுமாம்."

"உங்களுக்கு விசர்," என்றாள் மாக்கிறட். ஆனாலும் கைபேசியை வாங்கி, விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தாள்.

ஆவணியில் இருவரும் மடுவுக்குப் போனார்கள். பூசை முடிந்ததும் சனம் குனிந்து மண் அள்ளியது. செலீனாவும் ஒரு பிடி அள்ளினாள். முடிந்துகொள்ளச் சேலைத் தலைப்பை விரித்தவள், அப்படியே நின்றாள். பிறகு கையைத் திறந்து மண்ணை இருந்த இடத்திலேயே விட்டாள்.

"ஏன் மச்சாள், வேண்டாமோ?"

"அவள் வந்து எடுக்கட்டும்."