தொட்டிக்கு ஆகாத பால்

பால் கொள்முதல் நிலையத்தில் அவளுக்குக் கறாரக்கா என்று பெயர். அதை முதலில் வைத்தவர் அவள் கணவனின் பெரியப்பா. ஒரு காலையில் அவர் கொண்டுவந்த கேனில் பால்மானியை மிதக்கவிட்டவள், அது இறங்கிய இறக்கத்தைப் பார்த்துவிட்டு, "தண்ணி இருக்கு மாமா. எடுத்துட்டுப் போங்க" என்றாள். வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்டது. "கட்டிக்கிட்டு வந்தது மருமகளா, கறாரா?" என்று முனகிக்கொண்டே அவர் கேனைத் தூக்கினார். அடுத்த வாரம் அவர் காய்ச்சலில் படுத்தபோது மருந்து வாங்கிப்போய்க் கொடுத்தவளும் அவள்தான். தண்ணீரைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அவள் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள் அல்ல. படித்து, பரீட்சை எழுதி அந்த வேலைக்கு வந்தவள். பாலைக் கண்ணாடிக் குழாயிலும் தொட்டியிலும் மட்டுமே அறிந்தவள். தண்ணீர் கலந்த பால் ஆகாது. ஊசி போட்ட மாட்டின் பால் ஆகாது. கன்று ஈன்ற புதிதில் கறக்கிற மஞ்சள் நிறச் சீம்பால் ஆகவே ஆகாது. சூடு பட்டால் திரிந்துவிடும். சேர்ந்த புதிதில் யாரோ ஒருவர் கையைப் பிடித்துக் கெஞ்சினார் என்று அப்படி ஒரு கேனைத் தொட்டியில் ஊற்ற விட்டிருந்தாள். தொட்டிப் பால் மொத்தமும் சாக்கடைக்குப் போனது. அதற்குப் பிறகு அவளிடம் கெஞ்சல் செல்லுபடியாகவில்லை.

அவளுக்கு ஏழாம் மாதம் முடிவதற்குள் ரத்த அழுத்தம் தலைக்கு மேல் ஏறியது. அவசர அவசரமாக வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுத்தார்கள். பெண். ஒரு கிலோகூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள், வாயில் மெல்லிய டியூப்புடன், அப்பாவின் கைக்குட்டையால் தைத்தது போன்ற குட்டித் தொப்பி போட்டுக் கிடந்தது. மூச்சு விடும்போது விலா எலும்புகள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன.

குழந்தைகள் பிரிவின் மூத்த நர்ஸ் அவள் கையில் ஒரு சின்னக் கிண்ணத்தைக் கொடுத்தாள். "பிழிஞ்சு பாருங்க. ஒரு சொட்டு வந்தாலும் கொண்டாங்க. வரலைன்னாலும் விடாதீங்க."

பால் எடுக்கும் அறை என்பது நாலைந்து பிளாஸ்டிக் நாற்காலிகள், நடுவில் திரைச்சீலை, மூலையில் ஒரு கை கழுவும் தொட்டி. வயிற்றுத் தையல் சுருக்கென்று இழுக்க, அவள் உட்கார்ந்து பிழிந்தாள். வெகு நேரம் கழித்துக் கிண்ணத்தின் அடியில் ஏதோ ஒட்டியது. எழுந்து ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். மஞ்சள். பிசின் மாதிரி நகராமல் நின்றது. தன் புறங்கையைப் பார்த்தாள். மருந்து ஏற்றிய ஊசியின் மேல் பிளாஸ்திரி இன்னும் இருந்தது. மஞ்சள் பால், அதுவும் ஊசி போட்ட பால். யோசிக்க ஒன்றுமில்லை. குழாயைத் திறந்து கிண்ணத்தைக் கழுவி ஊற்றினாள்.

"வரல சிஸ்டர்" என்றாள் வெளியே வந்து.

பொய் சொல்வது அவள் வழக்கமில்லை. ஆனால் அந்த நர்ஸுக்கு இரக்கப்படுகிற முகம். ஒரு சொட்டும் போதும் என்று அலைகிறவள், இதைக் காட்டினால் ஆசையில் வாங்கி ஊற்றிவிடுவாள். நல்ல பால் வரட்டும், அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம். அடுத்த தடவையும் மஞ்சள்தான் வந்தது. அதையும் கொட்டினாள். அதற்கடுத்ததையும்.

மறுநாள் காலையில் டாக்டர் அவளையும் கணவனையும் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கவைத்துப் பேசினார். அவள் கணவன் லிப்ட் மெக்கானிக். எந்த இயந்திரத்தின் முன்னாலும் கைகட்டி நிற்காதவன், அன்று கைகட்டி நின்றான்.

"இன்னிக்கு மதியம் வயித்துக்குள்ள கொஞ்சமா பால் குடுக்க ஆரம்பிக்கணும். இவ குடல் இன்னும் முழுசா வளரல. தாய்ப்பால் போனா குடலுக்கு உள்ள ஒரு காவல் கிடைக்கும், கிருமி தொத்தறது குறையும். பவுடர் பால் குடுத்தா, இவ்வளவு சின்னக் குழந்தைங்கள்ல சிலருக்குக் குடல் வீங்கி அழுகிப்போயிடுது. எல்லாருக்கும் அப்படி ஆகும்னு சொல்லல. ஆனா அந்த ஆபத்து கூடுதல்."

"வேற அம்மாங்க குடுத்த பால் வச்சிருக்கீங்கன்னு சொன்னாங்களே டாக்டர்?" என்று கணவன் கேட்டான்.

"தீந்துபோச்சு. நாளைக்குத்தான் வரும். உங்க வீட்டம்மாவுக்கு மதியத்துக்குள்ள வந்தா நல்லது. வரலைன்னா பவுடர்தான், வேற வழியில்ல."

டாக்டர் நகர்ந்ததும் கணவன் அவள் பக்கம் திரும்பினான். "கொஞ்சம்கூடவா வரல?"

"நல்லது வரும்" என்றாள்.

அவள் சொன்னது அவனுக்கு நம்பிக்கையாகக் கேட்டிருக்க வேண்டும். தலையாட்டினான்.

பால் அறையில் பக்கத்து நாற்காலியில் ஒரு பஸ் கண்டக்டர். அவளுக்கும் குறை மாதம்தான், பையன். வேலையில் கூவிக் கூவித் தடித்துப்போன குரலில் கொஞ்ச நேரத்துக்கு முன்புவரை வார்டையே சிரிக்கவைத்துக் கொண்டிருந்தவள், இப்போது மூச்சுவிடாமல் கிண்ணத்தைப் பார்த்துக் கொண்டிருந்தாள். அடியில் மஞ்சளாக ஒரு துளி.

"வந்துருச்சு, வந்துருச்சு" என்று எழுந்தாள்.

கறாரக்கா எட்டிப் பார்த்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் தப்பான பாலைக் கண்ணெதிரே போகவிட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

"அதைக் குடுத்துடாதீங்க. கெட்ட பால்."

கண்டக்டரின் முகம் வெளுத்தது. "யாருக்கா சொன்னா?"

"நான்தான் சொல்றேன். பால் சோதிக்கறதுதான் என் வேலை. இந்த மஞ்சப் பாலை நாங்க வாங்கவே மாட்டோம். கழுவி ஊத்திட்டு வாங்க. நானும் அப்படித்தான் ஊத்தினேன்."

கண்டக்டர் கை கழுவும் தொட்டி வரை போனாள். கிண்ணம் குழாயடியில் சாய்ந்தது. கறாரக்கா குழாய் திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தாள். சத்தம் வரவில்லை.

"அக்கா, எங்க வீட்ல ஆடு வளத்தோம்" என்றாள் கண்டக்டர், திரும்பாமலே. "குட்டி விழுந்து எந்திரிக்கறதுக்குள்ள இந்த மஞ்சப் பாலைத்தான் தேடி முட்டும். அதைக் குடிக்காத குட்டி தேறாது. குடிக்க முடியாத குட்டிக்கு எங்கம்மா பீச்சி வாயில ஊத்துவாங்க. ஆட்டுக்குட்டிக்கு ஆகறது என் புள்ளைக்கு ஆகாதா?"

"அது சூடு பட்டா திரிஞ்சுடும்."

"என் புள்ள என்ன அடுப்புலயா வேகுது?"

கறாரக்கா எத்தனையோ கேன்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறாள். மாடு கன்று போட்டால் அந்த வீட்டிலிருந்து சில நாள் பால் வராது. அது அவளுக்குத் தெரியும். அந்த நாட்களில் கறந்த பால் எங்கே போயிற்று என்று ஒருமுறைகூட அவள் கேட்டதில்லை. கேட்கவேண்டிய தேவை தொட்டிக்கு இருக்கவில்லை. கன்று குடித்திருக்கிறது. வேறெங்கே போகும்?

சுவரைப் பிடித்துக்கொண்டே நர்ஸிடம் போனாள்.

"சிஸ்டர், பால் வந்துச்சு."

"அப்பாடா! எங்க?"

"கொட்டிட்டேன்."

நர்ஸுக்குப் புரியவில்லை. "கை தவறிடுச்சா?"

"இல்ல. நேத்துல இருந்து வந்ததெல்லாம் கொட்டிட்டேன். மஞ்சளா இருந்துச்சு. எனக்கு ஊசி வேற போட்டிருக்கு. கெட்ட பால்னு நெனச்சேன்."

இரக்கப்படுகிற முகம் என்று நினைத்திருந்த அந்த முகம் இறுகியது. "படிச்சவங்கதானே நீங்க?"

"படிச்சதை வச்சுத்தான் கொட்டினேன்."

"அந்த ஊசி குழந்தைக்கு ஒண்ணும் பண்ணாது. தெரிஞ்சுதான் போட்டோம். கேக்க வேண்டியதுதானே? இல்ல, எங்கிட்ட காட்டவாவது வேண்டியதுதானே?" நர்ஸ் குரலைத் தாழ்த்தினாள். அது கத்துவதைவிட மோசமாக இருந்தது. "குறை மாசத்துல பெத்தவங்க பால்ல இந்தக் குழந்தைக்கு வேண்டியது கூடவே இருக்கும்மா. கொட்டினது போச்சு. ஆனா அந்த மஞ்சப் பால் வர்ற நாள் இன்னும் முடியல. மதியம் டாக்டர் ரவுண்ட்ஸ் வர்றதுக்கு முன்னாடி கொண்டாங்க. அழணும்னா அப்புறம் அழுதுக்கலாம்."

அழவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பிழிந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபக்கம் பிழிந்தாள். ஒன்றுமில்லை. விரல் பட்ட இடமெல்லாம் சிவந்து கன்றிப்போனது. கொட்டியபோது தானாக வந்தது, இப்போது கேட்டால் வரமாட்டேன் என்கிறது. வராந்தாவில் யார் செருப்புச் சத்தம் கேட்டாலும் டாக்டரோ என்று நிமிர்ந்தாள்.

"அடிச்சுப் பிடுங்கினா வராதுக்கா" என்றாள் கண்டக்டர். "டிக்கெட், டிக்கெட்னு மூஞ்சிக்கு நேரா போய்க் கத்தினா எவனும் காசை எடுக்கமாட்டான். கொஞ்சம் விட்டுப் பிடிங்க."

"உனக்கென்ன, உன் பையன் வயித்துக்குள்ள பால் போயாச்சு."

சொன்ன பிறகுதான் உறைத்தது. கண்டக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. எழுந்து வெளியே போனாள். திரும்பி வரும்போது நர்ஸைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

நர்ஸ் அவளை எழுப்பிக் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு, திரையை இழுத்துவிட்டாள். "கையை நல்லாக் கழுவிட்டு உள்ள விடுங்க. முதுகுமேல சும்மா வச்சிருங்க, தடவாதீங்க. அவளைப் பாருங்க. கிண்ணத்தைப் பாக்காதீங்க."

பெட்டியின் வட்டத் துளை வழியே கையை விட்டாள். அவள் உள்ளங்கைக்குள் அந்த முதுகு முழுதும் அடங்கியது. அதை அவள் தொடுவது அதுதான் முதல் தடவை. ஈரத் துணி போலச் சூடாக, எடையே இல்லாமல். மூச்சு ஏறியது, இறங்கியது, ஒரு கணம் நின்றது. அவள் மூச்சும் நின்றது. மறுபடி ஏறியது. இவ்வளவு சின்ன உடம்புக்குள் எவ்வளவு சின்னக் குடல் இருக்கும்? அதற்குள் எது போவது என்பதை அவள் கை கழுவும் தொட்டியில் தீர்மானித்திருந்தாள்.

"வருது" என்றாள் நர்ஸ், குனிந்து.

மார்பில் கூசுவது போல் ஒரு இழுப்பு. கிண்ணத்தில் ஒரு துளி. இன்னொன்று. அதே மஞ்சள், அதே பிசின். அரைக் கரண்டிகூடத் தேறாது. நர்ஸ் ஒன்றைக்கூட விடாமல் சிரிஞ்சில் உறிஞ்சினாள். பஞ்சுக் குச்சியில் கொஞ்சம் தொட்டுக் குழந்தையின் கன்னத்து உட்பக்கம் தடவினாள். கண் திறக்காமலே குழந்தை உதட்டைக் குவித்தது. மீதியை டியூப் வழியே மெல்ல விட்டாள்.

திரைக்கு வெளியே டாக்டரின் குரல். "பவுடர் கலக்கியாச்சா?"

"வேண்டாம் டாக்டர். அம்மா பாலே குடுத்துட்டோம்."

"நல்லது. அடுத்த வேளைக்கு முன்னாடி டியூப்ல இழுத்துப் பாருங்க. பச்சையா வந்தாலோ வயிறு உப்பினாலோ எல்லாத்தையும் நிறுத்திட்டு என்னைக் கூப்பிடுங்க."

அவள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. குழந்தையின் வயிற்றையே பார்த்துக் கொண்டிருந்தாள். உப்புகிறதா? முன்பே அப்படித்தான் இருந்ததா? கணவன் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தான். நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்காமல், நேரே அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அவன் பொட்டலத்தின் நூலை அவிழ்ப்பதும் சுற்றுவதுமாக இருந்தான்.

"கொட்டினதால ஏதாவது ஆயிடுமா?"

"தெரியல."

"பெரியப்பாவையே விடாதவ நீ" என்றான் கடைசியில். "உன்னை மட்டும் விடவா போற? அந்த வேலையை நான் வேற பாக்கணுமா?" சிரிக்க முயன்று, முடியாமல், வராந்தாவுக்குப் போய் நின்றுகொண்டான்.

நர்ஸ் வந்தாள். காலி சிரிஞ்சை டியூப்பின் நுனியில் பொருத்தினாள். வாழ்நாளெல்லாம் கண்ணாடிக் குழாயை நிறுத்தி நிதானமாகப் படித்தவளுக்கு, அந்தச் சிரிஞ்சைப் பார்க்கக் கண் வரவில்லை. நர்ஸ் மெல்ல இழுத்தாள். அவளும் பார்த்துவிட்டாள். முதலில் ஒரு காற்றுக் குமிழி. பின்னால் ஈரமாக ஏதோ, நிறமே இல்லாமல். பச்சை இல்லை. நர்ஸ் இன்னும் கொஞ்சம் இழுத்தாள். வெறும் காற்று. இரண்டு விரலால் வயிற்றை அழுத்திப் பார்த்தாள்; பஞ்சு மாதிரி அமுங்கியது.

"செரிச்சுட்டா உங்க பொண்ணு. இன்னும் நாலு நாள் இப்படியே இழுத்து இழுத்துப் பாக்கணும், இப்பவே குதிக்காதீங்க." நர்ஸ் கையை நீட்டினாள். "சரி, அடுத்தது எங்க?"

"எது?"

"பால்மா. அடுத்த வேளைக்கு? இவ்வளவு நேரமும் இங்கயே நின்னு வேடிக்கையா பாத்துக்கிட்டிருந்தீங்க?"

அவள் தையலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, முடிந்தவரை வேகமாகப் பால் அறைக்கு நடந்தாள். கண்டக்டர் மடியில் கிண்ணத்தோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள்.

"கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றாள் கறாரக்கா.