ஈடித் அடித்த 'ஆனால்'

ஈடித் ஹோல்ராய்டு இங்கிலாந்தின் லங்காஷயரில் எங்கள் ஊர் வாரப் பத்திரிகையில் இருபத்தாறு வருடமாகப் பிழை திருத்தி வந்தவர். வருவோரிடம் விளம்பரம், அறிவிப்பு வாங்கும் எனக்கு எதிர் மேசை. ஆங்கிலத்தில் எந்த வாக்கியத்தையும் 'ஆனால்' என்று தொடங்கக் கூடாது என்பது, பள்ளியில் விரல் முட்டியில் அடித்து அவருக்குள் இறக்கிய பாடம். மேயரின் அறிக்கைகூட அவர் பென்சிலுக்குத் தப்பாது.

1978 பிப்ரவரியில், பஞ்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வில்ஃப் ஆக்டன் மனைவியின் மரண அறிவிப்போடு வந்தார். 'ஐரீனும் நானும் நாற்பது வருடம் சண்டை போட்டோம். ஆனால் கடைசிவரை அவள் என் கையை விடவில்லை' என்று எழுதியிருந்தார். வாங்கிப் படித்துவிட்டு ஈடித்திடம் கொடுத்தேன்.

ஈடித் இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாக்கினார். வெள்ளிக்கிழமை இப்படி வந்தது: 'கடைசிவரை என் கையை விடவில்லை என்றாலும், ஐரீன் நாற்பது ஆண்டுகள் என்னோடு சண்டையிட்டாள்.' முந்தின நாளே நான் அதைப் பார்த்தேன். ஈடித்தோடு யார் மல்லுக்கட்டுவது என்று விட்டுவிட்டேன்.

செத்தவளையும் குறைசொல்ல வேண்டுமா என்று ஐரீனின் தங்கை தேவாலய வாசலிலேயே கேட்டாராம். அடக்கம் முடிந்து தேநீருக்கு ஒருவரும் நிற்கவில்லை. திங்களன்று வில்ஃப் வந்து பத்திரிகையை ஈடித்தின் மேசையில் விரித்தார்.

"நான் எழுதினது தப்பா, மிஸ்?"

"ஆனால்னு ஆரம்பிக்கக் கூடாது, மிஸ்டர் ஆக்டன். அது விதி."

"யாரு போட்ட விதி?"

பத்திரிகை ஆசிரியர் கீத் அலமாரியிலிருந்த இலக்கண நூல்களை இறக்கிப் புரட்டினார். அப்படியொரு விதி எதிலும் இல்லை. தாராளமாகத் தொடங்கலாம் என்றே ஒன்றில் இருந்தது. மறுவாரம் திருத்தம் போடுவதாகச் சொன்னார்.

"வேண்டாங்க. ஊரே படிச்சாச்சு," என்று வில்ஃப் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு அலுவலகத்தில் ஈடித்தை, "ஆனால், மிஸ் ஹோல்ராய்டு, டீ ஆறிடுச்சே," என்று சீண்டாதவர் இல்லை. நானும் சிரித்தேன். அவரோ 'ஆனால்'களை அடிப்பதை நிறுத்தவில்லை. விதியே இல்லை என்று தெரிந்தபின் எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"இப்ப விட்டேன்னா, இத்தனை வருஷம் அடிச்சதெல்லாம் என்னன்னு ஆகும்?"

அவர் அடித்த 'ஆனால்'களை அச்சுக்கோப்பவர்கள் திரும்பச் சேர்த்துவிட வேண்டும் என்பது கீத்தின் ரகசிய உத்தரவு. வெள்ளிக்கிழமைதோறும் ஈடித் பத்திரிகையை வரிவரியாகப் படிப்பார், தான் அடித்தவை எல்லாம் திரும்பி வந்திருப்பதைப் பார்ப்பார். திங்கட்கிழமை பென்சிலைச் சீவிக்கொண்டு உட்காருவார். ஓய்வுபெறும்வரை நான்கு வருடம் அப்படியே நடந்தது.