சாப்பாட்டு நேரத்து வெயில்

திரைச்சீலை தைக்கும் அந்தக் கூடத்தில் அவளைப் பட்டாசு என்றுதான் கூப்பிடுவார்கள். சன்னல்களுக்கெல்லாம் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. வெயில் பட்டால் துணி வெளுத்துவிடுமாம்! தைக்கிறவள் வெளுத்துப்போனால் முதலாளிக்கென்ன? உள்ளே இருக்கும்வரை டியூப்லைட், வேலை முடிந்து வெளியே வந்தால் இருட்டு. வெளியே போனால் தூசி ஒட்டும் என்று சாப்பாடும் உள்ளேயேதான்.

அவள் வயிறோ பாடாய்ப் படுத்தியது. எதைத் தின்றாலும் உப்புசம், இல்லாவிட்டால் பேதி. அது அடங்கினால் சளி, காய்ச்சல். "இன்னொரு தடவை லீவு கேட்டா அப்படியே வீட்லயே இருந்துக்கோ" என்றுவிட்டார் முதலாளி.

டாக்டரம்மா ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தார். "வைட்டமின் டி ரொம்பக் கம்மி. குடலோட உள்சவ்வு உறுதியா இருக்கவும், நோயை எதிர்த்து நிக்கவும் அது வேணும். மாத்திரையைச் சாப்பாட்டோட போடுங்க. கொஞ்சம் வெயில்லயும் இருங்க."

பட்டாசு சும்மா இருப்பாளா? மறுநாளே தன் பக்கத்துச் சன்னல் தாளைக் கிழித்தெறிந்தாள். முதலாளி குதித்தார், அவளும் குதித்தாள். கடைசியில் அந்தச் சன்னல் அவளுடையதானது. கண்ணாடி வழியே முதுகில் வெயில் விழ, ராணி மாதிரி உட்கார்ந்து தைத்தாள். வெயில்தான் இருக்கிறதே என்று மாத்திரையைப் பாதியில் விட்டும்விட்டாள். மாதக்கணக்கில் முதுகு காய்ந்ததுதான் மிச்சம், வயிறு பழையபடியேதான்.

மறுபடி போய் நின்றபோது டாக்டரம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். "கண்ணாடி வழியா சூடுதான்மா வரும். வைட்டமினுக்கு வேண்டியதைக் கண்ணாடி தடுத்துடும்."

"அட பாவி கண்ணாடியே! இதுக்கா நான் அவ்வளவு சண்டை போட்டேன்?"

மாத்திரையை மறுபடி தொடங்கினாள். மறுநாள் சாப்பாட்டு மணி அடித்ததும் டப்பாவோடு வாசலுக்கு நடந்தாள். முதலாளி குறுக்கே நின்றார்.

"வெளியே போனா திரும்பி உள்ள வராதே."

இந்த வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது. ஆனாலும் குரல் இறங்கவில்லை.

"வேலை நேரம் உங்களோடது சார். சாப்பாட்டு நேரம் என்னோடது. கை கழுவிட்டு வந்துதான் துணியத் தொடுவேன். கறை இருந்தா அப்பத் துரத்துங்க."

அவரைச் சுற்றிக்கொண்டு போய் வெயிலடிக்கும் படியில் உட்கார்ந்தாள். டப்பாவை மடியில் வைத்து மூடியைத் திறந்தாள். பின்னால் செருப்புச் சத்தம். கல்லாவில் உட்காரும் முதலாளியின் மனைவி.

"கொஞ்சம் தள்ளி உக்காரு. எனக்கும் இதே வயித்துக்கோளாறுதான். இவர்கிட்ட சொல்லத்தான் தைரியம் வரல."

கதவைப் பிடித்துக்கொண்டு நின்ற முதலாளி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"கதவைச் சாத்தாதீங்க" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமலே. "நாங்க சாப்பிட்டுட்டு வர்றோம்."